செய்து பார்த்தால் போதுமா? பள்ளிகளில் அறிவியல் ஆய்வு வகுப்புகள்

தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன் மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சற்று நேரத்தில் சுடர் அணைகிறது. தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் இருக்கிறது, அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று ஆசிரியர் சொல்கிறார். பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பல நாடுகளில் பல தலைமுறைகளாக நடந்துவரும் வகுப்பு இது. பொருள்கள் எளியவை, செலவு இல்லை, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அந்த விளக்கம் தவறு.

மெழுகு எரியும்போது ஆக்சிஜன் செலவாவது உண்மைதான். ஆனால் அதற்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. அதோடு, டம்ளருக்குள் ஆக்சிஜன் பெருமளவு மிச்சமிருக்கும்போதே சுடர் அணைந்துவிடுகிறது. தண்ணீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம் வெப்பம். சுடரின் சூட்டில் காற்று விரிந்து, ஒரு பகுதி விளிம்பின் வழியே வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சமுள்ள காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் நீராகிவிடுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழக ஆய்வகம் தேவையில்லை. கூர்ந்து பார்க்கும் எந்தப் பிள்ளைக்கும் மூன்று தடயங்கள் கிடைக்கும். டம்ளரைக் கவிழ்த்த உடனே விளிம்பில் குமிழிகள் வருகின்றன. மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் சீராக ஏறுவதில்லை. அணைந்த பிறகே விறுவிறுவென்று ஏறுகிறது. ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்றை ஏற்றி வைத்தால், அதே டம்ளரில், அதே அளவு காற்றில், தண்ணீர் இன்னும் உயரமாக ஏறுகிறது. ஐந்தில் ஒரு பங்கு என்பதுதான் காரணம் என்றால், மூன்று மெழுகுவர்த்திகளுக்கும் அதே உயரம்தானே வந்திருக்க வேண்டும்?

செய்முறை வகுப்புக்கும் ஆய்வு வகுப்புக்கும் உள்ள தொலைவு அந்த மூன்று மெழுகுவர்த்திகளில் இருக்கிறது. முதல் வகுப்பில் கைக்கு வேலை இருந்தது, கண்ணுக்கு வேடிக்கை இருந்தது, முடிவு ஏற்கெனவே அச்சாகி இருந்தது. இரண்டாவது வகுப்பில், சொல்லப்பட்ட விளக்கத்தைச் சோதிக்க என்ன செய்யலாம் என்று பிள்ளைகளே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பள்ளி அறிவியலில் செய்முறை வேண்டுமா வேண்டாமா என்று ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவரும் விவாதத்தைப் படிக்கும்போது, அந்தக் கேள்வி சரியான இடத்தைத் தொடவில்லை என்றே எனக்குப் படுகிறது. கை என்ன செய்தது என்பதைவிட, எந்தத் தீர்மானம் பிள்ளையினுடையதாக இருந்தது என்று கேட்டால்தான் நல்ல வகுப்பையும் வெற்று வகுப்பையும் பிரித்தறிய முடியும்.

அந்த விவாதத்தின் தொடக்கத்தில் நிற்பவர் ஹென்றி எட்வர்ட் ஆர்ம்ஸ்ட்ராங். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். பாடநூலை ஒப்பிக்க வைப்பதற்குப் பதிலாக, பிள்ளைகளைக் கண்டுபிடிப்பாளரின் இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவர் வாதம். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, அப்போது அதன் எடை கூடுகிறதா குறைகிறதா, சுற்றியுள்ள காற்றுக்கு என்ன ஆகிறது என்று ஒன்றிலிருந்து ஒன்றாகக் கேள்விகள் பிறக்கும். பிள்ளைகள் தராசும் கையுமாக விடை தேடுவார்கள். அரை நூற்றாண்டு ஓயாமல் வாதாடினார். ஆனாலும் அவர் முறை நிலைக்கவில்லை. இயற்பியலாளர் ஜே. ஜே. தாம்சன் தலைமையில் பிரிட்டிஷ் அரசு அமைத்த குழு 1918இல் அறிக்கை தந்தபோது, ஆய்வகத்தில் செலவாகும் நேரத்துக்கு ஏற்ற பலன் இல்லை என்ற குறை வலுவாகப் பேசப்பட்டது. எல்லாவற்றையும் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும் என்றால் பாடத்திட்டத்தின் கால்வாசியைக்கூடத் தாண்ட முடியாது. இந்த எதிர்வாதத்துக்கு இன்றும் வயதாகவில்லை.

துருவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மெழுகுவர்த்தி தவறவிட்ட ஐந்தில் ஒரு பங்கை இரும்பு சரியாகக் காட்டிவிடுகிறது. ஒருபுறம் மூடிய கண்ணாடிக் குழாயின் அடியில் ஈரமான இரும்பு நாரைச் செருகி, குழாயைத் தண்ணீரில் கவிழ்த்து வைத்தால், துருப்பிடிக்கப் பிடிக்கத் தண்ணீர் மெல்ல ஏறுகிறது. ஓரிரு நாளில் குழாயின் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி நின்றுவிடுகிறது. நாரை இரட்டிப்பாக்கினாலும் அதே இடத்தில்தான் நிற்கும். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் இதற்கு உதவாது, அது துருப்பிடிக்காது. தச்சுப் பட்டறையில் மரத்தை வழவழப்பாக்கப் பயன்படுத்தும் இரும்பு நார் வேண்டும். அது கிடைக்காவிட்டால், லேத் பட்டறையிலிருந்து இரும்புத் தூளை வாங்கி எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்பு நீரில் கழுவிக்கொள்ளலாம். மெழுகுவர்த்தியையும் இரும்பு நாரையும் அடுத்தடுத்த வாரங்களில் வைத்து, இரண்டும் ஏன் வேறு வேறு விடை தருகின்றன என்று கேட்டால் எட்டாம் வகுப்புக்கு ஒரு மாதத்துக்கான அறிவியல் அதில் கிடைக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆய்வு வகுப்பு இரண்டு வழிகளில் திரும்பி வந்தது. ஒன்று ஏழ்மையின் வழி. போரில் ஆய்வகங்கள் அழிந்துபோன நாடுகளின் ஆசிரியர்களுக்காக யுனெஸ்கோ ஒரு கையேடு வெளியிட்டது. தகர டப்பா, பாட்டில், நூல், ஆணி ஆகியவற்றைக் கொண்டு கருவிகள் செய்துகொள்ளும் வழிகள் அதில் இருந்தன. அதுவே விரிந்து 1956இல் அறிவியல் ஆசிரியர்களுக்கான பெருந்தொகுப்பாகிப் பல மொழிகளுக்குப் போனது. இன்னொன்று போட்டியின் வழி. அதே 1956இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெரால்ட் சக்கரியாஸ் என்ற இயற்பியலாளர் பள்ளி இயற்பியலைப் புதிதாக எழுத ஒரு குழுவைத் திரட்டினார். அடுத்த ஆண்டு சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும் அத்தகைய முயற்சிகளுக்குப் பணம் கொட்டியது. இங்கிலாந்தில் நஃபீல்டு அறக்கட்டளையின் அறிவியல் திட்டம் 1962இல் தொடங்கியது.

அந்தக் காலத்தில் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளுக்காக உருவான பாடங்களில் ஒன்றை இன்றும் எந்த வகுப்பறையிலும் செய்து பார்க்கலாம். ஒரு டார்ச் பேட்டரி, ஒரு சிறு பல்பு, ஒரே ஒரு துண்டு கம்பி. பல்பை எரிய வை. அவ்வளவுதான் பாடம். பல்புக்கு இரண்டு முனைகள் உண்டு என்பதும், மின்னோட்டம் சுற்றி வர வேண்டும் என்பதும் தெரிந்தால்தான் அது எரியும். 1997இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில் எம்.ஐ.டி.யில் அன்று பட்டம் பெற்ற மாணவர்களிடம் இதே மூன்று பொருள்களைக் கொடுக்கிறார்கள். பட்டமளிப்பு அங்கியோடு நிற்கும் அவர்களில் சிலர் கம்பியை எங்கே தொடுவது என்று தெரியாமல் திணறுகிறார்கள். சமன்பாடு எழுதத் தெரிந்தவர்கள்தான். பல்பின் உள்ளே இருக்கும் கம்பி எங்கே போகிறது என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

இந்தியாவில் இந்தக் கதையின் மிக முக்கியமான அத்தியாயம் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் நடந்தது. அந்த மாவட்டத்துக்கு இப்போது நர்மதாபுரம் என்று பெயர். 1972இல் கிஷோர் பாரதி என்ற தன்னார்வ அமைப்பும் ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையமும் அரசின் அனுமதியோடு 16 நடுநிலைப் பள்ளிகளில் வேறு விதமாக அறிவியல் கற்பிக்கத் தொடங்கின. கிஷோர் பாரதியை நடத்தியவர் அனில் சத்கோபால். உயிர்வேதியியல் ஆராய்ச்சியை விட்டுவிட்டு கிராமத்துக்கு வந்தவர். தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் அறிவியலாளர்கள் விடுமுறையில் வந்து கிராமப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடம் எழுதினார்கள். 1978இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. 1982இல் இதற்கென்றே ஏகலவ்யா அமைப்பு தோன்றியது. 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியபோது, பல மாவட்டங்களில் ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகள், ஒரு லட்சம் பிள்ளைகள் அதில் இருந்தார்கள்.

'பால் வைஞானிக்' என்ற அந்தப் பாடநூலில் சோதனைகளும் கேள்விகளும் இருந்தன, விடைகள் இல்லை. நான்கு பிள்ளைகள் கொண்ட குழு சோதனை செய்யும், எழுதும். பிறகு வகுப்பு முழுதும் சேர்ந்து பேசி முடிவுக்கு வரும். பூவைப் பிரித்துப் பார்க்கக் கடையில் வாங்கும் ஊசி தேவைப்படவில்லை, கருவேல முள்ளே போதுமானதாக இருந்தது. பொறியாளர் அரவிந்த் குப்தா வேலைக்கு ஓராண்டு விடுப்புப் போட்டுவிட்டு 1978இல் அங்கே வந்து சேர்ந்தார். சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் கோத்து வடிவியல் உருவங்கள் செய்யும் அவரது முறை அங்கேதான் பிறந்தது. பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களை 'சவாலிராம்' என்ற கற்பனைப் பெரியவருக்குக் கடிதமாக எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் போனது.

ஆனால் ஹோஷங்காபாத்தைப் பற்றி எழுதும் பலர் இந்த முள்ளோடும் தீக்குச்சியோடும் நின்றுவிடுகிறார்கள். மலிவான பொருள்களை மட்டும் நம்பி அந்தத் திட்டம் முப்பது ஆண்டுகள் நின்றிருக்காது. அதன் உண்மையான பலம் வெளியே தெரியாத மூன்று ஏற்பாடுகளில் இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் ஆசிரியர்களுக்கு நீண்ட பயிற்சி. அங்கே ஆசிரியர்களே எல்லாச் சோதனைகளையும் பிள்ளைகளைப் போலச் செய்து பார்த்தார்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி, எது சரியாக வரவில்லை என்று பேசினார்கள். மூன்றாவது, தேர்வு. எட்டாம் வகுப்புத் தேர்வில் பிள்ளைகள் புத்தகத்தையும் தங்கள் குறிப்பேட்டையும் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். சோதனை செய்து காட்டும் பகுதியும் உண்டு. மனப்பாடத்துக்கு மதிப்பெண் இல்லாத இடத்தில் மனப்பாடம் தானாகவே ஒதுங்கிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் அந்தப் பிள்ளைகள் வழக்கமான பாடநூலையும் வழக்கமான தேர்வையும் சந்தித்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் அவர்கள் தேறுவார்களா என்ற அச்சம் கடைசிவரை திட்டத்தைத் துரத்தியது. அந்த அச்சத்தைக் களையும் பொறுப்பு உயர்நிலைப் பள்ளித் தேர்வைச் சேர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பு மட்டும் மாறி, பத்தாம் வகுப்பு அப்படியே இருந்தால், முன்னதுதான் ஒரு நாள் பின்னதற்கு இறங்கிவர வேண்டியிருக்கும்.

பிரான்சில் இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து ஒரு முயற்சி தொடங்கியது. 1992இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஷார்பக், சிகாகோ பள்ளிகளில் நடந்த ஒரு திட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, 1996இல் நாட்டின் அறிவியல் கழகத்தின் துணையோடு தொடக்கப் பள்ளிகளுக்கு ஆய்வு வகுப்புகளைக் கொண்டுவந்தார். அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது குறிப்பேடு. முதலில் நான் என்ன நினைத்தேன், என்ன செய்தேன், என்ன கண்டேன், வகுப்பு என்ன முடிவுக்கு வந்தது என்று பிள்ளை தன் சொற்களில் எழுதுகிறது. முதலில் நினைத்தது தவறாக இருந்தால் அதை அழிப்பதில்லை. நம் ஊர் ரெக்கார்டு நோட்டில் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, முடிவு என்று வரிசையாக, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ரெக்கார்டில் யாரும் எதையும் தவறாக நினைத்ததே இல்லை.

சரி, ஆய்வு வகுப்புகளால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்களா? இங்கே ஆய்வாளர்களுக்குள் கடும் கருத்து வேறுபாடு உண்டு, இரு தரப்பிலும் பொருட்படுத்த வேண்டிய வாதங்களும் உண்டு.

இங்கிலாந்தின் ரோசலிண்ட் டிரைவர் 1980களிலேயே எச்சரித்தார். செய்து பார்த்தால் புரியும் என்பார்கள், செய்து பார்த்து முன்பைவிடக் குழம்பிப்போன பிள்ளைகளும் ஏராளம் என்றார். பிள்ளைகள் வெற்று மனத்தோடு வகுப்புக்கு வருவதில்லை. தங்கள் சொந்த விளக்கங்களோடு வருகிறார்கள், பார்ப்பதையும் அவற்றின் வழியாகவே பார்க்கிறார்கள். முளைகட்டிய பயறு வழக்கமாகச் செய்யும் வீட்டுப் பிள்ளையிடம் விதை முளைக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால், பல சமயம் தண்ணீரோடு வெயிலும் என்றே சொல்லும். துணியில் கட்டி இருட்டில் வைத்த பயறு வாரம்தோறும் முளைப்பதை அது பார்த்திருக்கிறது. பார்த்தும் அந்தக் கருத்தை அது தொடவில்லை. பாடம் இரண்டையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைக்க வேண்டும்.

2004இல் டேவிட் கிளாரும் மிலீனா நிகாமும் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 112 பேரோடு ஒரு சோதனை நடத்தினார்கள். சாய்தளத்தில் பந்தை உருட்டி, அது எவ்வளவு தூரம் போகிறது என்பதை எது தீர்மானிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்திருப்பது எப்படி என்று ஒரு குழுவுக்கு எடுத்துச் சொன்னார்கள். இன்னொரு குழுவைத் தானாகக் கண்டுபிடிக்க விட்டார்கள். சொல்லித்தந்த குழுவில் 77 விழுக்காட்டினர் அந்த உத்தியைக் கைவசப்படுத்தினர். விடப்பட்ட குழுவில் 23 விழுக்காட்டினர் மட்டுமே. ஆனால் எந்த வழியாகக் கைவசப்படுத்தினாலும், பிறகு வேறொருவரின் அறிவியல் கண்காட்சிப் படைப்பில் குறை கண்டுபிடிப்பதில் இரு சாராரும் சமமாகவே நின்றார்கள். 2006இல் பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் இன்னும் கடுமையாக எழுதினார்கள். மனிதனின் செயல்நினைவு சிறியது. புதிதாகக் கற்பவரை வழிகாட்டாமல் தேட விட்டால் தேடுவதிலேயே அது தீர்ந்துபோகும், கற்க எதுவும் மிஞ்சாது என்பது அவர்கள் வாதம்.

பிசா எனப்படும் பன்னாட்டுத் தேர்வின் 2015ஆம் ஆண்டுத் தரவுகளும் அவர்கள் பக்கமே சாய்வது போலத் தெரிந்தன. சோதனையும் விவாதமும் அடிக்கடி நடப்பதாகச் சொன்ன மாணவர்களின் அறிவியல் மதிப்பெண் பெரும்பாலான நாடுகளில் குறைவாக இருந்தது. இதைக் கொண்டு ஆய்வு வகுப்பைக் கழித்துக்கட்டப் பலர் முயன்றார்கள். ஆனால் அதே தரவில், அந்த மாணவர்களுக்கு அறிவியல் அறிவு எப்படி உருவாகிறது என்பதில் கூடுதல் தெளிவும், அறிவியல் சார்ந்த வேலைக்குப் போக வேண்டும் என்ற எண்ணமும் இருந்தன. தவிர, ஒரே காலத்தில் எடுத்த தரவு எது காரணம், எது விளைவு என்று சொல்லாது. மெதுவாகக் கற்கும் வகுப்புகளில் ஆசிரியர்கள் கைவேலையை அதிகமாக வைத்திருக்கவும் கூடும்.

எனக்கு நம்பத்தகுந்ததாகத் தோன்றுவது எரின் ஃபர்டாக் குழுவினர் 2012இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. அவர்கள் 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆய்வு வகுப்புகளுக்கு நல்ல பலன் இருந்தது. ஆசிரியர் வழிநடத்திய வகுப்புகளின் பலன், பிள்ளைகளையே முழுதும் விட்டுவிட்ட வகுப்புகளைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. ஆர்ம்ஸ்ட்ராங்கின் எதிரிகள் எரிச்சலடைந்ததற்கும் இதில் விளக்கம் இருக்கிறது: அவர்கள் எதிர்த்தது வழிகாட்டல் இல்லாத நேரச் செலவை. பிள்ளை தீர்மானிக்க வேண்டும் என்று சொல்வதற்கும் ஆசிரியர் சும்மா இருக்க வேண்டும் என்று சொல்வதற்கும் தொடர்பே இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் பல நல்ல திட்டங்கள் வீணாய்ப் போயின.

இன்னொரு ஆய்வு எந்த ஆசிரியரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். 2008இல் இயன் ஆபிரகாம்ஸும் ராபின் மில்லரும் இங்கிலாந்துப் பள்ளிகளில் 25 செய்முறை வகுப்புகளை நேரில் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் பிள்ளைகள் சொன்னபடி செய்தார்கள், எதிர்பார்த்த நிகழ்வும் வந்தது. ஆனால் அந்த நிகழ்வை எந்தக் கருத்தின் வழியாகப் பார்க்க வேண்டும் என்று பேச வகுப்பில் ஏறக்குறைய நேரமே ஒதுக்கப்படவில்லை. எப்படிச் செய்வது என்று விளக்குவதிலேயே நேரம் போய்விட்டது. இங்கிலாந்தில் நல்ல ஆய்வகங்கள் இருந்தும் இப்படி.

ஒரு நல்ல ஆய்வு வகுப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஊசலை எடுத்துக்கொள்கிறேன். ஒரு நூல், ஒரு கல், நேரம் பார்க்க ஒரு செல்பேசி. தமிழ்நாட்டின் எந்தப் பள்ளியிலும் இதை நாளைக்கே செய்யலாம்.

முதலில் செய்ய வேண்டியது, எதையும் தொடுவதற்கு முன் கேட்பது. கனமான கல்லைக் கட்டினால் ஊசல் வேகமாக ஆடுமா, மெதுவாகவா, அதேபோலவா? வகுப்பில் கை தூக்கச் சொல்லிக் கரும்பலகையில் எண்ணிக்கை எழுதிவிட வேண்டும். பெரும்பாலும் வேகமாக ஆடும் என்பவர்கள்தான் அதிகம். இந்தக் கணிப்பை எழுதாமல் சோதனைக்குப் போனால் பாடத்தின் பாதி போய்விட்டது. பிறகு எல்லோரும் நான் அப்போதே நினைத்தேன் என்பார்கள்.

அடுத்து, அளப்பது. 25 சென்டிமீட்டர் நூலில் ஒரு அலைவுக்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். ஒரே ஒரு அலைவை அளந்தால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு விடை வரும், ஏனென்றால் செல்பேசியைத் தொடும் விரல் தாமதிப்பதே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். யாராவது ஒரு பிள்ளை 20 அலைவுகளை எண்ணி வகுத்தால் என்ன என்று கேட்கும்வரை ஆசிரியர் காத்திருக்கலாம், நேரம் போதாவிட்டால் தானே கேட்கலாம். 20 அலைவுகளுக்கு 20 நொடி. அதே விரல் தாமதம் இப்போது நூற்றில் ஒரு பங்கு. பிழையை ஒழிக்க முடியாது, சிறுக்க வைக்கலாம் என்ற பெரிய கருத்து இதில் வந்துவிடுகிறது. அளவுகளில் வரும் இந்த ஏற்றத்தாழ்வை ஹோஷங்காபாத் பாடத்திட்டம் மறைக்காமல் பிள்ளைகள் முன் வைத்தது. நம் பாடநூல்கள் அதைப் பற்றி வாய் திறப்பதே அரிது.

இப்போதுதான் வகுப்பு சூடு பிடிக்கும். கனமான கல் கட்டிய குழுக்கள் பலவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வரும். 20.1 நொடிக்குப் பதில் 20.5. கனத்துக்கும் நேரத்துக்கும் தொடர்பு இல்லை என்று பாடநூல் சொல்கிறதே? அவசரப்பட்ட ஆசிரியர், உங்கள் அளவு தவறு, புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள் என்று சொல்லிவிடுவார். அத்தோடு ஆய்வு செத்துவிட்டது. உண்மையில் பிள்ளைகள் அளந்தது சரி. பெரிய கல்லின் நடுப்பகுதி நூலின் முடிவிலிருந்து இன்னும் கீழே இருக்கிறது. ஊசலின் நீளம் கல்லின் நடுவரை அளக்கப்பட வேண்டியது. கல் ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கினால் நீளம் 26 ஆகிறது, 20 அலைவுகளுக்கு 0.4 நொடி கூடுகிறது. அவர்கள் கண்டுபிடித்த வேறுபாடு கனத்தினுடையது அல்ல, நீளத்தினுடையது. இதை எப்படிச் சோதிப்பீர்கள் என்று கேட்டுவிட்டு ஆசிரியர் ஒதுங்க வேண்டும். ஒரே அளவு பிளாஸ்டிக் பந்து இரண்டு, ஒன்றில் காற்று, ஒன்றில் மணல். அல்லது நூலைக் கொஞ்சம் மேலே இழுத்துக் கட்டிக் கல்லின் நடுவைப் பழைய இடத்துக்கே கொண்டுவருவது. பிள்ளைகள் வேறு வழிகளும் சொல்வார்கள்.

நேரமிருந்தால் இன்னொரு படி போகலாம். அகலமாக ஆட்டினாலும் குறுகலாக ஆட்டினாலும் ஒரே நேரம்தான் ஆகும் என்று கலிலியோ சொன்னார். சிறிய கோணங்களுக்கு அது மிகச் சரி. ஆனால் நூலை அறுபது டிகிரிக்கு இழுத்து விட்டால், 20 அலைவுகளில் ஒன்று முதல் ஒன்றரை நொடி கூடுதலாக ஆகும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் கலிலியோவின் கூற்றில் ஓர் எல்லையைத் தங்கள் கையால் அளந்து காட்ட முடியும். அந்த நாளின் பெருமிதத்தை எந்தப் பரிசுக் கோப்பையும் கொடுக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த வகுப்பில் ஆசிரியர் நிறைய வேலை செய்கிறார். ஒன்றை மட்டும் மாற்று என்று தேவையான இடத்தில் நேராகவே சொல்லித்தருகிறார். கிளாரும் நிகாமும் காட்டியது அதைத்தான். விடையை மட்டும் முன்கூட்டித் தருவதில்லை. இப்படி நடத்த ஆசிரியருக்கு 20.5 எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு அவரே அந்தக் கல்லைக் கட்டி ஆட்டி, அந்தத் தவறான எண்ணைப் பார்த்திருக்க வேண்டும். ஹோஷங்காபாத்தின் கோடைப் பயிற்சிக்கு அவ்வளவு மதிப்பு கொடுத்தேனே, காரணம் இதுதான்.

தமிழ்நாட்டில் இதற்கு வேர்கள் இல்லாமல் இல்லை. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், அது நடத்தும் 'துளிர்' இதழும் செய்து பார்க்கும் அறிவியலைக் கிராமப் பள்ளிகள்வரை கொண்டுபோயின. 1993 முதல் நாடு முழுதும் நடக்கும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊரின் நீரையும் நிலத்தையும் ஆராய்ந்து அறிக்கை தருகிறார்கள். விடை யாருக்கும் தெரியாத கேள்விகள் அங்கே வருகின்றன என்பதால், பள்ளிக்கு வெளியே நம்மிடம் உள்ள மிகச் சிறந்த ஆய்வு வகுப்பு அதுதான். ஆனால் பள்ளிக்கு ஒரு குழுவாவது போகிறதா என்று பார்த்தால், ஆர்வமுள்ள ஆசிரியர் இருக்கும் பள்ளிகள் மட்டுமே போகின்றன. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய வானவில் மன்றம் அந்த எல்லையை உடைக்க முயல்கிறது. 6 முதல் 8 வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேடி, கருத்தாளர்கள் பொருள்களோடு பள்ளிக்குப் போகிறார்கள். 13,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் என்பது ஹோஷங்காபாத் கனவுகூடக் காணாத எண்ணிக்கை. வரவேற்கிறேன். ஒரு கவலையும் உண்டு. வெளியிலிருந்து ஒருவர் வந்து செய்துகாட்டிப் போகும் நாள், வகுப்பு ஆசிரியருக்கு ஓய்வு நாளாகிவிடக் கூடாது. கருத்தாளர் போன பிறகு மறுநாள் அந்த வகுப்பில் அதே ஆசிரியர் நேற்று வந்த எண்களை வைத்துக்கொண்டு என்ன பேசுகிறார் என்பதில்தான் பலன் இருக்கிறது. குழுவில் ஒரு பையன் பொருளைப் பிடித்துக்கொள்ள, பெண்பிள்ளைகள் எழுதிக்கொண்டு மட்டும் இருக்கும் காட்சியும் மாற வேண்டும். யார் அளப்பது, யார் எழுதுவது என்பதை வாரம்தோறும் மாற்றிவிட்டால் போதும்.

மீதி, தேர்வு. பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு உண்டு. என்னென்ன சோதனைகள் என்பது முன்கூட்டியே தெரியும், ரெக்கார்டு தயாராக இருக்கும், முடிவும் எல்லோருக்கும் தெரியும். அந்த 25இல் ஐந்தே ஐந்து மதிப்பெண்ணை மட்டும் வேறு விதமாகக் கேட்டுப் பார்க்கலாம். மூன்று குழுக்கள் அளந்த ஊசல் நேரங்களை ஓர் அட்டவணையாகக் கொடுத்துவிடுங்கள். இரண்டு குழுக்களுக்கு 20.1, மூன்றாவது குழுவுக்கு 20.5. மூன்றாவது குழு கனமான கல்லைக் கட்டியிருந்தது. வேறுபாட்டுக்கு இரண்டு காரணங்கள் சொல். அவற்றில் எது சரி என்று கண்டுபிடிக்க என்ன செய்வாய் என்று எழுது. காரணத்துக்கு இரண்டு மதிப்பெண், சோதிக்கும் வழிக்கு மூன்று. ஆண்டுதோறும் வேறு சோதனை, வேறு அட்டவணை. இதற்குப் புதிய ஆய்வகமோ புதிய கருவியோ வேண்டியதில்லை. வினாத்தாள் எழுதுபவர்களும் திருத்துபவர்களும் ஒரு கோடையில் சில நாள் கூடி உட்கார்ந்து, அந்தக் கற்களைத் தாங்களே ஆட்டிப் பார்க்க வேண்டும்.